பாரிஷில் ரொசாலிக்கு ஓர் இடம்

1

சென்ற வாரம் ஹிலரி தொலைபேசியில் அழைத்தார். மத்திய இங்கிலாந்தில் நான் வசிக்கும் இந்தச் சிறுநகரத்தின் தேவாலய அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சம்பளமில்லாத வேலை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை, அந்த ஆண்டு பாரிஷில், அதாவது இந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள், அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களை வழிபாட்டில் வாசிப்பார்கள். என் மனைவியின் பெயரும் அதில் உண்டு. அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்கத்தான் அழைத்திருந்தார்.

"ரொசாலி சுலபம். அடுத்ததுதான் பயமாக இருக்கிறது. வெலா... யூட்டம்?"

"வேலாயுதம்."

"வேலா-யூ-தம். நன்றி. தப்பாகப் படித்து உங்களைக் காயப்படுத்திவிடக் கூடாது."

காயம் ஒன்றும் ஆகாது என்றேன். வேலாயுதம் என் அப்பா. வில்லியனூருக்கு அப்பால் கரும்பும் நெல்லும் போட்டவர். நான் புதுச்சேரி நகரத்துக் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காகக் கடைசிவரை எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால், அவர் பெயரைத்தான் ரொசாலி இந்த நாட்டில் மார்பில் குத்திக்கொண்டு மருத்துவமனை வார்டுகளில் நடந்தாள். நோயாளிகள் அவளை 'மிசஸ் வி' என்றார்கள். புதுச்சேரியில் அவள் ர. ரொசாலி, ரஃபாயேலின் மகள். இந்த ஞாயிறு ஆங்கிலேயர்களின் கோயிலில் உரக்க வாசிக்கப்படப்போவது ஓர் இந்து விவசாயியின் பெயர். அவர் உயிரோடு இருந்தால் இதில் யார்மேல் கோபப்படுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

2

ரொசாலி செவிலியாக இங்கே வேலைக்கு வந்தாள். நான் அவளைச் சார்ந்தவனாக வந்தேன். விசாவில் என் தகுதியே அதுதான். புதுச்சேரியில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன், இங்கே முதலில் தபால் பிரிக்கும் கிடங்கில் நின்றேன். இப்போது நகராட்சியில் கார் நிறுத்தும் அனுமதிகளைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒருவர் எழுதிக்கொடுத்த முகவரியில் உண்மையாகவே குடியிருக்கிறாரா என்று சரிபார்ப்பது என் வேலை. இந்த நாட்டில் எல்லாமே முகவரி. அது பின்னால் வரும்.

படுக்கையில் விழுந்த பிறகு ரொசாலி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன எங்கம்மா பக்கத்துல போட்ருங்க. வேற எதுவும் வேணாம்."

புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறை இருக்கும். ஒரே குழி. ஆண்டுகள் கழித்து அதே குழியைத் திறந்து, முந்தியவரின் எலும்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவார்கள். பக்கத்தில் என்று அவள் சொன்னது உவமை அல்ல.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்று எல்லாக் கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு அடித்து, அழிந்த எழுத்துகளின்மேல் கறுப்பு பெயிண்ட் ஓட்டி, செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். மாலையில் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். சிறு பெண்ணாக இருந்தபோது பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது ரொசாலியின் வேலை. இங்கே வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை தம்பி சவரிக்கு வீடியோ அழைப்பு போடுவாள்.

"இந்தப் பக்கம் திருப்புடா. லூர்து மேரில 'லூ' பாதி அழிஞ்சிருக்கு பாரு. நல்லா ஒரு கோட் குடு."

"இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. நீ போர்வக்குள்ள படுத்துக்கிட்டு சூப்பர்வைஸ் பண்ற."

"பண்ணுவேன். எங்கம்மாடா."

"எனக்கு மட்டும் யாராம்?"

இருவரும் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது சடங்கின் ஒரு பகுதி.

3

ஜனவரியில் அவள் போய்விட்டாள். சடலத்தை விமானத்தில் அனுப்ப வேண்டுமானால் பதப்படுத்த வேண்டும், துத்தநாகப் பெட்டி வேண்டும், தூதரகத் தாள்கள் வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று இறுதிச்சடங்கு நிறுவனத்தின் பெண் விளக்கினார். பிறகு குரலைத் தணித்து, சாம்பலாக என்றால் கைப்பையிலேயே எடுத்துப் போகலாம் என்றார்.

நானும் மகள் மெலனியும் அந்த அறையிலேயே முடிவு செய்தோம். நான் பிறந்த வீட்டில் இறந்தவர்களை எரிப்பார்கள். மெலனி வளர்ந்த நாட்டிலும் பெரும்பாலும் எரிக்கிறார்கள். இந்த ஊர்க் கத்தோலிக்கக் குருவும் தடையில்லை என்றார். சாம்பலைத் தூவிவிடாமல் மந்திரித்த நிலத்தில் புதைத்தால் போதும். எங்கள் மூவரில் யாருக்குமே புதுச்சேரியில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. யோசித்திருக்கக் கூடியவள் ஒருத்திதான்.

சவரியிடம் தொலைபேசியில் "ரொசாலியை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றேன். அவன் அழுதுகொண்டே "சரி மாமா" என்றான்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்தார்.

"என்ன சார் பவுடர்?"

"என் மனைவி."

அவர் சான்றிதழைப் பார்க்காமலே பையை மூடினார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

4

சவரி புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். வீடு மூலக்குளத்தில். நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. கூடத்தில் வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டி, மின் இணைப்போடு உறுமிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி: ரொசாலியின் பழைய படம், கீழே 'அன்னாரது பூதவுடல்' எத்தனை மணிக்கு எந்தக் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்படும் என்ற விவரம். பழக்க தோஷத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"பெட்டி எங்க மாமா? கார்கோவுல வருதா?"

நான் பையை மேசைமேல் வைத்தேன். சவரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"எரிச்சிட்டீங்களா?"

"பரவால்ல அங்கிள்," என்றாள் மெலனி. "சர்ச்சே அலவ் பண்றாங்க."

"அங்கிளா? நான் உன் தாய்மாமன் பாப்பா. உனக்குக் காது குத்தறப்ப என் மடியிலதான் ஒக்காந்திருந்த." பிறகு என்னிடம் திரும்பினான். "அக்கா மொகத்த ஒரு தடவ பாக்கலாம்னு இருந்தேன் மாமா. அவ்ளோதான்."

போய்க் குளிர்பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

மறுநாள் காலை சவரியும் நானும் பங்குத்தந்தையைப் பார்க்கப் போனோம். பங்கின், அதாவது அந்தக் கோயில் வட்டத்தின், பெயரை எழுதவில்லை. எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. சாமியார் இளைஞர். எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவரும் இருந்தார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள்.

"சட்டப்படி தப்பே இல்ல சார்," என்றார் சாமியார். "ரோமே ஒத்துக்கிட்டாச்சு. ஆனா நம்ம பங்குல இதுவரைக்கும் யாரும் சாம்பலாக் கொண்டாந்ததில்ல."

வாத்தியார் பைக்குள் எட்டிப் பார்த்தார். இறுதிச்சடங்கு நிறுவனம் கொடுத்த பச்சை பிளாஸ்டிக் ஜாடி, திருகு மூடியோடு.

"ஹார்லிக்ஸ் பாட்டிலாட்டம் இருக்குதே," என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார். "பொணம் வந்தா மணி அடிக்கிறோம். கோயிலுக்குள்ள கொண்டாந்து, கால் பீடத்தப் பாக்குற மாதிரி வெக்கிறோம். இதுல கால் எது, தல எது?"

"இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவ சார் அவ," என்றான் சவரி.

"இல்லன்னு யாரு சொன்னா? கல்யாணத்துக்கப்புறம் எந்தப் பங்கு? லண்டன்ல எந்தப் பங்கு?"

நாங்கள் இருப்பது லண்டன் இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. இங்கிலாந்தில் ரொசாலிக்குப் பெரும்பாலான ஞாயிறுகளில் பகல் ஷிப்ட். எந்தப் பங்கிலும் அவள் பெயர் கிடையாது.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான கனிவு இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். எரிச்சதோட அவங்க உங்க ஆளாயிட்டாங்க. உங்க முறப்படியே செஞ்சிடுங்களேன், நல்லாத்தான இருக்கும்?"

சாமியார் மின்விசிறியைப் பார்த்தார். "பேரவைல வெச்சுப் பாக்குறேன். அடுத்த கூட்டம் வரட்டும்," என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். ஈஸ்டர் முடியட்டும் என்றார். என் விடுப்பு அதற்குள் முடிந்துவிடும்.

வெளியே வந்து சவரி பைக்கை உதைக்காமல் நின்றான்.

"என் பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கு மாமா. கல்யாண அறிவிப்பு ஓலை இந்தக் கோயில்லதான் வாசிக்கணும். இவங்ககிட்ட நான் மொறச்சிக்க முடியாது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லாததுதான் ஒரு மாதிரியா இருக்குது."

5

என் அண்ணன் கிராமத்திலிருந்து வந்தான். விஷயம் கேள்விப்பட்டு, எனக்கு உதவி செய்யும் எண்ணத்தோடுதான் வந்தான்.

"இதுக்கா இவ்ளோ யோசன? சாம்பல் ஆயிட்டா அப்புறம் என்னடா சாதி, மதம்? திருக்காஞ்சில ஆத்துல கரைச்சிடலாம் வா தம்பி. நம்ம அப்பாவுக்கும் அங்கதான செஞ்சோம்."

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு. ஐயரு பேரு கேப்பாரு. ரொசாலின்னு சொன்னா மந்திரம் சொல்லமாட்டாரு. லட்சுமின்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. "நல்லது சொன்னா ஏறாதே உனக்கு. அப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, காப்பி குடிக்காமல் போனான்.

விமான நிலையத்துக்குத் திரும்பும் காரில் மெலனி கேட்டாள். "ஏன்பா, ரிவர் நல்லாத்தான இருக்கும்?"

பெயர் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில், மிக நிதானமாக, "ஆக, ஒரு பக்கத்துக்கு அம்மா அளவுக்கு மீறிய கிறிஸ்தவர். இன்னொரு பக்கத்துக்கு அம்மா சரியாக இறக்கவில்லை. அப்படித்தானே?" என்றாள்.

நான் எத்தனையோ செய்திகளுக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன். இதைவிடச் சரியாக எதையும் சுருக்கியதில்லை. ஆனால் அவள் குரலில் வலி இல்லை. வெளிநாட்டுச் செய்தியைப் படிப்பவளின் வியப்பு இருந்தது. புதுச்சேரி அவளுக்கு வெளிநாடு என்பது அந்தக் காரில்தான் எனக்கு உறைத்தது. சென்னையில் பை சோதனைக்குள் போய் வந்தது. இந்தமுறை யாரும் எதுவும் கேட்கவில்லை.

6

மெலனி தன் வேலைக்கு மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். ஜாடி அலமாரியில் ரொசாலியின் ஸ்வெட்டர்களுக்கு மேல் இருந்தது. அவள் ஷிப்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வது சில நாள்களுக்குத்தான் முடிந்தது.

நான் அலுவலகத்துக்கு நடக்கும் வழியில் பழைய கற்கோயில் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத் திருச்சபையினுடையது, கத்தோலிக்கம் அல்ல. இந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கல்லறைத் தோட்டமே கிடையாது. கதவில் ஒட்டியிருந்த விதிகளில் ஒரு வரி: இந்தக் கல்லறைத் தோட்டம் பாரிஷில் வசிப்போரின் அடக்கத்துக்குத் திறந்துள்ளது. ஏப்ரலில் ஒரு நாள் உள்ளே போனேன். கையில் தடித்த கோப்பு. ரொசாலியின் கடவுச்சீட்டு, குடியிருப்பு அட்டை, மருத்துவமனைப் பணிச் சான்று, வரி ரசீதுகள், மரணச் சான்றிதழ். இந்த நாட்டில் நாங்கள் கோப்பு இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை. விசாவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் கல்யாணம் உண்மையானதுதான் என்று புகைப்படம் வைத்து நிரூபித்திருக்கிறோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஹிலரி. கோப்பைத் தொடவில்லை.

"எங்கே குடியிருந்தார்?"

தெருவின் பெயரைச் சொன்னேன்.

"பேக்கரி இருக்கும் தெருவா? அப்படியானால் நம் பாரிஷ்தான். இடம் உண்டு."

"அவள் கத்தோலிக்கப் பெண்," என்றேன்.

"சரி."

"நான் கிறிஸ்தவனே இல்லை."

"அதை நான் கேட்கவில்லையே," என்றார். பிறகு நாள்காட்டியைப் புரட்டி, மே மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தோட்டத்தில் கேக் விற்பனை என்றார்.

இதை யாரும் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் அப்படி. ஒரு பாரிஷின் எல்லைக்குள் குடியிருந்தவர், எந்த மதமானாலும், அந்தத் தோட்டத்தில் இடம் இருக்கும்வரை அடக்கத்துக்கு உரிமை உள்ளவர். எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்று கதவிடுக்கில் துண்டுச்சீட்டு செருகியதைத் தவிர ரொசாலியிடம் எதுவும் பேசாத அண்டைவீட்டுக்காரருக்கு உள்ள அதே உரிமை. உயிரோடு இருந்தவரை அவள் எங்கிருந்து வந்தவள் என்று வாரம் தவறாமல் யாராவது கேட்டார்கள். இறந்த பிறகு எங்கே குடியிருந்தாள் என்று மட்டும் கேட்டார்கள்.

மே மாதம் ஒரு காலையில், சுவரோரமாக ஒரு கையகலக் குழியில், பெண் குருவானவர் ஜெபம் சொல்ல, சாம்பலை நேரே மண்ணில் கொட்டினோம். ஜாடி வைக்கக் கூடாது, விதி. கல் நடக் கூடாது, பெயர்ப்பலகை கூடாது, பிளாஸ்டிக் பூ கூடாது. பெயர் உள்ளே ஒரு புத்தகத்தில் எழுதப்படும். வெட்டியெடுத்த புல்லை அப்படியே திருப்பி மூடிக் காலால் அழுத்தினார்கள். மெலனி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றாள். தமிழில் ஒரு ஜெபம் சொல்லேன் என்றேன். தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது.

7

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். நாளிதழில் இருந்தவனுக்குத் துக்கத்திலும் கை அங்கேதான் போகிறது.

பாரிஷ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து, லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து. கிரேக்கத்தில் 'பாரா' என்றால் பக்கத்தில். 'ஒய்கோஸ்' என்றால் வீடு. 'பாரொய்கோஸ்' முதலில் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு, ஓர் ஊரில் குடியிருந்தும் அந்த ஊர்க் குடிமகன் அல்லாதவர், அதாவது வந்தேறி. ஆதிக் கிறிஸ்தவர்கள் இந்தப் பூமியில் தாங்கள் வெறும் தற்காலிகக் குடிகள் என்று நம்பினார்கள். அதனால் அந்நியரின் குடியிருப்பைக் குறித்த 'பாரொய்கியா'வையே தங்கள் கூட்டத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். எல்லைகள் வந்தன, வேலிகள் வந்தன. வந்தேறிகளின் கூட்டம் என்ற பொருள் போய், இது எங்கள் வட்டம் என்ற பொருள் வந்தது. அதே வேரிலிருந்து 'பரோக்கியல்' என்று இன்னொரு ஆங்கிலச் சொல் முளைத்தது. அதன் இன்றைய பொருள் குறுகிய மனம்.

என் மாமனார் ரஃபாயேல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, "நீங்க எந்த 'பருவாஸ்'?" பாரிஷுக்கு அவர் சொல்லும் பிரெஞ்சு அதுதான். பதிலைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் தெரு, சாதி, தொழில் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு காப்பி வரும், அல்லது வராது. எனக்கு முதல்முறை வரவில்லை.

இந்தப் பாரிஷை நம்மவர்கள் தமிழில் பங்கு என்றார்கள். வாத்தியாருக்கு இந்தக் கிரேக்கம் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கொஞ்ச நாள் யோசித்தேன். ஒன்றும் செய்திருக்கமாட்டார். சொல்லின் வேரைக் காட்டி எந்தக் கல்லறையையும் திறக்க முடியாது. இங்கே திறந்ததும் அகராதியால் அல்ல. பேக்கரி இருக்கும் தெருவால்.

8

இன்று நவம்பர் இரண்டு. காலையில் சவரியிடமிருந்து புகைப்படம் வந்தது.

குடும்பக் கல்லறை. புதிய சுண்ணாம்பு, செவ்வந்தி மாலை. லூர்து மேரியின் 'லூ' பளிச்சென்று இருக்கிறது. அதற்குக் கீழே, ஈரம் காயாத கறுப்பு பெயிண்டில்: ர. ரொசாலி. பக்கத்தில் ஒரு சிலுவை.

உடனே அழைத்தேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே பேசினான்.

"எப்படி இருக்குது மாமா? நானேதான் எழுதுனேன். அக்கா பாத்தா கொற சொல்லுவாளா?"

"சாமியார் ஒண்ணும் சொல்லலையா?"

"தீர்த்தம் தெளிச்சிட்டுதான் போனாரு. வாத்தியாரு வந்து மெழுகுவர்த்தியே ஏத்துனாரு. பேரு இருந்தா போதும் மாமா, எல்லாரும் சரியாத்தான் இருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "கேக்குறவங்ககிட்ட அக்காவ உள்ளதான் வெச்சிருக்கோம்னு சொல்லிட்டேன். சம்பந்தி வீட்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கோம்."

"சரி."

"கோவமா?"

"இல்ல."

"இன்னொண்ணு மாமா. அங்க பொதச்ச எடத்து போட்டோ எதுனா இருந்தா... குடும்ப குரூப்புல போட்றாதீங்க. கல்யாணம் முடியற வரைக்குமாவது."

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றுவது கடினமில்லை. அங்கே எடுப்பதற்குப் புல் மட்டும்தான் இருக்கிறது.